இஸ்திரிக்குத் தண்ணீர்

பத்தொன்பது வருஷம் லவுசிட்ஸில்
நிலக்கரி ரயில் ஓட்டினேன்.
பழுப்பு நிலக்கரி.
கையில் எடுத்தால் ஈர மண், அவ்வளவுதான்.
பாதிக்கும் மேல் தண்ணீர்.
ஜனவரியில் பெட்டிக்குள்ளேயே உறைந்துவிடும்,
கடப்பாறையால் இடித்து இறக்குவார்கள்.

ஒன்றரைக் கோடி வருஷம் படுத்துக் கிடந்தது
ஆறு நிமிஷத்தில் காலியாகும்.
யாரும் கணக்குப் பார்க்கவில்லை.
நானும்தான்.
மாசக் கடைசியில் சம்பளம் வந்தது.

வீட்டுக்குப் போனால்
காலரைப் பார்த்தே ஹங்கா சொல்லிவிடுவாள்
இன்றைக்கு எத்தனை நடை என்று.

இப்போது வடமேற்கே,
கடல் காற்று எட்டும் தூரத்தில்,
மாட்டுப் பண்ணைகளுக்கு நடுவே ஒற்றைத் தண்டவாளம்.
என் தலைக்கு மேல் ஹைட்ரஜன் தொட்டிகள்.
எரிபொருள் கலத்துக்குள்
ஒரு மெல்லிய சவ்வுக்கு அந்தப் பக்கம் அது,
இந்தப் பக்கம் வெளிக்காற்றின் ஆக்சிஜன்.
தீ இல்லை, சத்தம் இல்லை.
பேசி முடித்த இரு வீட்டார் மாதிரி சேர்கின்றன.
மொய்யாக விழுவது மின்சாரம்.
பந்தி கழுவிய தண்ணீர்
எனக்குப் பின்னால் சொட்டிக்கொண்டே வருகிறது.

முதல் குளிரில்
கூரையிலிருந்து வெள்ளையாக எழுந்ததைப் பார்த்து
நாலாம் பெட்டிக் கிழவர் அபாயச் சங்கிலியை இழுத்துவிட்டார்.
புகை இல்லை ஐயா, ஆவி என்றேன்.
எனக்கு வித்தியாசம் தெரியும் தம்பி,
நான் கப்பலில் இருந்தவன் என்றார்.
ஒன்பது நிமிஷத் தாமதம்.
காரணம் என்ற கட்டத்தில்
'தண்ணீர்' என்று எழுதினேன்.

கடைசி நிலையத்தில் எரிவாயு நிரப்புகிறவள் வீப்கே.
குழாயை மாட்டிவிட்டு
வண்டிக்கடியில் ஒரு பிளாஸ்டிக் கேனை வைப்பாள்.
எதற்கு என்று ஒருநாள் கேட்டேன்.
இஸ்திரிப் பெட்டிக்கு, ஹாந்த்ரி.
சுண்ணாம்பு படியாது.
கடையில் இதற்குக் காசு கேட்கிறார்கள்.

ஒரு மிடறு குடித்துப் பார்த்தேன்.
ஒன்றுமில்லை.
மழைக்குக்கூட ஒரு ருசி உண்டு, இதற்கு இல்லை.
எங்கேயும் போய்வராத தண்ணீர்.

நேற்று சாயங்காலம் பலத்த காற்று.
வேலிக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டு காற்றாலைகள்.
ஏழு நின்றிருந்தன.
பழுதா?
பழுதில்லை, கம்பி நிறைந்துவிட்டது,
மின்சாரத்தை வைக்க இடமில்லை,
நிறுத்தச் சொல்லிவிட்டார்கள் என்றாள் வீப்கே.
அதை வைத்துத் தண்ணீரைப் பிரித்தால்
எனக்கு ஒரு வாரம் ஓடுமே.
பிரிக்கும் இயந்திரம் அடுத்த வருஷம் வருகிறதாம்.
போன வருஷமும் அடுத்த வருஷம்தான்.

அப்படியானால் இன்றைக்கு நிரப்பியது?
லாரிக்காரன் கொடுத்த சீட்டை நீட்டினாள்.
எடை, அழுத்தம், நேரம்.
கீழே பொடி எழுத்தில் மூலம்:
இயற்கை எரிவாயு.

காற்று என் தொப்பியைத் தட்டிக்கொண்டு போனது.
பிளாட்பாரம் முழுக்க ஓடிப் பிடித்தேன்.
வீப்கே சிரித்தாள்,
பிறகு சிரிக்கவில்லை.

ஆக, அங்கே மண்ணைச் சுமந்தேன்.
இங்கேயும் மண்ணுக்கடியில் இருந்ததைத்தான்.
குளித்து, தலைசீவி, வேறு வாசல் வழியாக வருகிறது.
பொய் என்று சொல்ல வாய் வரவில்லை.
வண்டி நிஜம், சொட்டும் நீர் நிஜம்,
நின்ற ஏழும் நிஜம்.
சமைக்கத் தெரிந்தவனிடம்
கடன் வாங்கிய அரிசி, அவ்வளவுதான்.
சொந்த வயல் எதிரிலேயே இருக்கிறது,
பூட்டு போட்டு.

ராத்திரி ஹங்கா என் காலரைத் திருப்பிப் பார்த்தாள்.
வெள்ளை.
இன்றைக்கு வேலை இருந்ததா என்றாள்,
கேலிதான்.

வீப்கே கொடுத்த அரைக் கேனை ஊற்றி
நாளைச் சட்டையை நானே தேய்த்தேன்.
புஸ்ஸென்று எழுந்த ஆவி
முகத்தில் பட்டு, கண்ணாடியை மூடியது.
துடைத்துவிட்டுப் பார்த்தேன்.
சட்டைப் பைக்குள் அந்தச் சீட்டை நேற்றே போட்டு
மறந்திருக்கிறேன்.
சுருக்கமில்லாமல் மடங்கிக் கிடந்தது.
பொடி எழுத்து அழியவில்லை.